நல்வாய்மையும் நற்கடைப்பிடியும்



மனிதர் செய்யும் தீவினைகளைப் பத்தென வகுத்தனர் பௌத்த ஆசிரியர்கள். உடம்பினால் நிகழ்வன மூன்று. சொல்லினால் நிகழ்வன நான்கு. உள்ளத்தில் எழுவன மூன்று. தமிழ்ப் பெருங்காப்பியமாகிய மணிமேகலையும் இவ்வெண்ணிக்கையையே எடுத்துரைக்கின்றது. கொலை, களவு, காமத்தீமை ஆகிய மூன்றும் உடம்பின்மேல் நிற்க, அவற்றினும் ஒன்று மிகுதியாக நாவின்மேல் ஏற்றப்பட்டிருத்தலை நாம் ஊன்றி நோக்க வேண்டும். கொலை புரிவோர் ஓர் ஊரில் ஒருவர் இருத்தலும் அரிது. களவு செய்வோர் சிலர். நாவினால் குற்றம் செய்யாமல் ஒரு பகற்பொழுதைக் கழிப்பவரோ நம்முள் எத்தனை பேர்?

ஞாயிறுதோறும் விகாரையில் கூடிப் பஞ்சசீலம் ஏற்கின்றோம். அதன் நான்காம் சீலம் பொய்யுரையாமை. அதனை ஏற்று வீடு திரும்பும் வழியிலேயே, அன்று கூட்டத்திற்கு வாராத ஒருவரைப் பற்றிப் பேசத் தொடங்குகின்றோம். அவர் கடன்பட்டிருக்கிறார் என்கிறோம். அவர் மகன் படிப்பை விட்டுவிட்டான் என்கிறோம். பேசியது முழுவதும் உண்மையாகவே இருக்கலாம். அங்ஙனமாயின் நாம் ஏற்ற அறத்திற்குக் குறை நேர்ந்ததா, இல்லையா? இவ்வினாவிற்கு விடை காண்பதும், குறை நேராமற் காக்கும் வழியை ஆராய்வதும் இப்பாடத்தின் நோக்கமாகும்.

சொற்குற்றம் நான்கு

பொய், குறளை, கடுஞ்சொல், பயனில்சொல் என்பன அந்நான்கு. இவற்றினின்று நீங்குதலே அட்டாங்க மார்க்கத்தின் மூன்றாம் உறுப்பாகிய நல்வாய்மை. ஆகவே சீலம் பொய்யை மட்டும் பெயர் சொல்லி விலக்கினும், மார்க்கம் நான்கையும் விலக்குகின்றது. வழியில் நாம் பேசியது பொய்யன்று; எனினும் அது மார்க்கத்தினின்று விலகியதே. எவ்வாறெனில், கேட்போம்.

பொய் யாதென எவருக்கும் விளக்க வேண்டுவதில்லை. கடன் கொடுத்தவர் வாயிலில் நிற்க, அப்பா வீட்டில் இல்லையென்று சொல்லும்படி பிள்ளையை அனுப்புகின்றவன் ஒரே பொய்யில் இருவரைச் சேர்க்கின்றான் என்பது மட்டும் நினைவிலிருக்கட்டும்.

குறளை என்பது கோள். கூடியிருப்போரைப் பிரிக்கும் சொல். இது பொய்யாயிருக்க வேண்டுமென்பதில்லை. இதற்கு வைசாலி நகரின் அழிவே சான்று. வச்சி நாட்டு இலிச்சவியர் ஒருங்கு கூடி, ஒருங்கு ஆய்ந்து, ஒருங்கு கலையும் வரையில் அவர்களுக்கு வளர்ச்சியே அன்றித் தளர்ச்சியில்லை என்று பகவான் கூறியிருந்தார். மகத மன்னன் அஜாதசத்துருவின் அமைச்சனாகிய வஸ்ஸகாரன் அவ்வொற்றுமையைக் குலைத்த விதத்தைப் புத்தகோசர் தம் உரையில் விவரிக்கின்றார். மன்னனால் துரத்தப்பட்டவன்போல் நடித்து அவன் வைசாலியில் புகுந்தான். மதிப்பும் பதவியும் பெற்றான். பின்பு ஓர் இலிச்சவியரைத் தனியே அழைத்து, வயலில் உழுகிறார்களா, இரண்டு எருதுகள் பூட்டியா என்பது போன்ற அற்பச் செய்திகளைக் காதோடு கேட்பான். அவர் திரும்பியதும், அமைச்சர் என்ன கேட்டார் என மற்றவர் வினவுவர். உழவைப் பற்றிக் கேட்டார் என்ற மெய்யான விடையை எவரும் நம்பவில்லை. இதனை மறைப்பதற்குக் காரணம் இருக்க வேண்டுமென ஐயுற்றனர். மூன்றே ஆண்டுகளில் இருவர் ஒரு வழியில் செல்லாத நிலை வந்தது. பகைவர் படையெடுத்தபோது முரசறைந்தும் ஒருவரும் கூடவில்லை. நகரம் வீழ்ந்தது.

வஸ்ஸகாரன் எடுத்த கருவி வாளன்று; பெரும் பொய்யுமன்று; காதோடு பேசிய ஒரு சிறு பேச்சு. நம் சங்கங்களும், உழைப்பாளர் கூட்டங்களும், உடன்பிறந்தார் குடும்பங்களும் உடைந்த வரலாற்றை ஆராய்ந்தால், பெரும்பாலும் தொடக்கத்தில் இத்தகைய ஒரு தனிப்பேச்சே இருக்கக் காணலாம். வாராதவரைப் பற்றி வழியில் பேசுவதும் இவ்வகையினதே. அடுத்த ஞாயிறு அவர் வரும்போது நம் முகம் மாறும். அவர் அதனைக் காண்பார். மறு வாரம் வாரார்.

பயனில்சொல்லோ இக்காலத்தில் பெருகி நிற்கின்றது. முன்பு ஒரு வதந்தி ஊரைச் சுற்ற ஒரு நாளாவது வேண்டும். இன்று கைப்பேசியில் வந்த செய்தியை மெய்யா என்று பாராமல் நூறு பேருக்கு அனுப்பி வைக்க ஒரு விரல் போதும். நா அசையவில்லையே என்று நாம் விலகிக்கொள்ள இயலாது. சொல் புறப்படும் வாயில் எதுவோ, அதுவே நா. எனவே நம் விரலும் நாவேயாம்.

காவலன் எங்கே?

இந்நான்கும் தீயவை என்பதை அறியாதார் இல்லை. அறிந்தும் ஏன் பேசுகின்றோம்? சொல் புறப்படும் கணத்தில் நாம் அங்கே இல்லாமையே காரணம். கால்கள் வீட்டிலிருக்க உள்ளம் கடைத்தெருவில் திரிகின்றது. வாய் தன்பாட்டில் பேசுகின்றது. பேசி முடித்த பின்னரே நாம் வந்து சேர்கின்றோம்.

இதற்கு மருந்தாகப் பகவான் அளித்தது மார்க்கத்தின் ஏழாம் உறுப்பாகிய நற்கடைப்பிடி. பாலி மொழியில் இதனைச் சம்மா சதி என்பர். செய்வதனைச் செய்யும்போதே அறிந்திருத்தல் என்பது இதன் எளிய பொருள். எல்லைப்புற நகர் ஒன்றின் அறிவுள்ள வாயிற்காவலனுக்கு இக்கடைப்பிடியை அவர் ஒப்பிட்டார். அக்காவலன் அறியாதவரைத் தடுப்பான்; அறிந்தவரை உள்ளே விடுவான். ஆதலின் அவன் வாயிலை அடைத்து வைப்பவன் அல்லன், ஆராய்ந்து திறப்பவன். தமிழில் 'கடை' என்னும் சொல்லுக்கு வாயில் என்னும் பொருளும் உண்டு என்பதை நினைக்குங்கால், கடைப்பிடி என்னும் சொல் இவ்வுவமைக்கு எத்துணை இசைவாக அமைகின்றது!

மகா சதிபட்டான சூத்திரத்தைத் தியானத்திற்குரிய நூல் என்று மட்டும் பலர் கருதுகின்றனர். மூச்சை நோக்கியிருத்தல் அதன் ஒரு பகுதி. நடத்தல், நிற்றல், உண்ணல், உறங்கல், விழித்தல் ஆகியவற்றிலும் அறிவோடிருக்க அது கற்பிக்கின்றது. அவ்வரிசையில் பேசுதலும் பேசாதிருத்தலும் எண்ணப்பட்டிருக்கின்றன. பேசும்போது மட்டுமன்று, வாய்மூடி இருக்கும்போதும் ஏன் மூடியிருக்கின்றோம் என்பதை அறிந்திருக்க வேண்டுமென்பது இதன் கருத்து. மகா சத்தாரீசக சூத்திரமோ இன்னும் தெளிவாக, நற்காட்சி, நன்முயற்சி, நற்கடைப்பிடி ஆகிய மூன்றும் நல்வாய்மையைச் சூழ்ந்து நின்று இயங்குகின்றன என்று கூறுகின்றது. நாவை மட்டும் அடக்கி நல்வாய்மை பெறுதல் இயலாது என்பது இதனால் விளங்கும்.

அடியேன் பல்லாண்டு பஞ்சாலையின் நெசவுக் கூடத்தில் உழைத்தவன். அங்குள்ள விசைத்தறி ஒன்றின் அமைப்பைச் சொன்னால் இது எளிதிற் புலனாகும். பாவிழை ஒவ்வொன்றின்மேலும் மெல்லிய எஃகுத் தகடு ஒன்று தொங்கும். இழை இறுக்கமாய் நிற்கும் வரையில் தகடும் மேலே நிற்கும். இழை அறுந்தால் தகடு கீழே விழும். விழுந்ததும் தறி நின்றுவிடும். தறிக்காரர் அறுந்த இழையைத் தேடி முடிந்து, மீண்டும் ஓட்டுவார். இத்தகடு அமையாத பழைய தறியிலோ, இழை அறுந்தது தெரியாமலே நெசவு ஓடிக்கொண்டிருக்கும். துணி மடிக்கும் இடத்திற்கு வந்த பின்னரே பழுது வெளிப்படும். அப்போது அதனைப் பிரித்து நெய்ய வழியில்லை. கடைப்பிடி இல்லாதவன் பேச்சு இப்பழைய தறியில் ஓடும் துணி. கடைப்பிடி உடையவன் உள்ளத்தில் அத்தகடு தொங்குகின்றது.

முகச்சுளிப்பு, சொல், தாழ்க்கோல்

அத்தகடு எவ்விடத்தில் விழ வேண்டும் என்பதை ஒரு கதையால் பகவான் காட்டினார். சாவத்தி நகரில் வேதேகிகை என்னும் இல்லத்தரசி இருந்தாள். சாந்தமானவள், அடக்கமானவள் என அவளை ஊரார் புகழ்ந்தனர். அவள் வீட்டில் காளி என்னும் பணிப்பெண் சுறுசுறுப்பாகவும் திருத்தமாகவும் வேலை செய்து வந்தாள். அறிவுள்ள காளி ஒருநாள் எண்ணினாள்: நம் அம்மையிடம் சினம் இல்லையா? அல்லது நம் வேலையில் குறை இல்லாமையால் அது வெளிப்படவில்லையா? சோதிக்க எண்ணி, விடிந்த பின் எழுந்தாள். அம்மை முகம் சுளித்தாள். மறுமுறை இன்னும் தாமதித்து எழுந்தாள். அம்மை கடுஞ்சொல் கூறினாள். மூன்றாம் முறை அதனினும் தாமதித்தாள். அம்மை கதவின் தாழ்க்கோலை எடுத்துத் தலையில் அடித்தாள். குருதி ஒழுகக் காளி அயலாரிடம் சென்று காட்டினாள். வேதேகிகையின் நற்பெயர் அன்றே போயிற்று.

இனியன கேட்கும்போது எவரும் இனியராய் இருக்கலாம். இன்னாதன வந்து தாக்கும்போதே ஒருவர் பண்பு வெளிப்படும் என்பது பகவான் காட்டிய கருத்து. நாம் மேலும் ஒன்றை நோக்குவோம். இக்கதையில் தீமை மூன்று படிகளில் இறங்கி வருகின்றது. சுளிப்பு உள்ளத்தின் குறி, அடுத்தது சொல், இறுதியில் கை. தொடக்கத்தில் கூறிய பத்துத் தீவினைகளின் மூன்று நிலங்களும் இவையே. சொல் நடுவில் நிற்கின்றது. உள்ளத்தில் பிறந்தது கைக்கு இறங்கும் பாலம் அதுவே. எனவே முகம் சுளித்த அப்பொழுதே தகடு விழ வேண்டும். எனக்குச் சினம் வந்திருக்கிறது என்று உள்ளத்தில் ஒருமுறை அறிந்துகொள்பவர்க்கு மறுசொல் தாமதப்படும். அத்தாமதமே நமக்கு வேண்டுவது.

வேலை முடிந்து களைத்து வீடு சேரும் தந்தைக்கு இது மிகவும் பொருந்தும். மேற்பார்வையாளரிடம் காட்ட இயலாத சினத்தை, சோறு ஆறிவிட்டதென்று மனைவியிடம் காட்டுகின்றோம். மனைவி பிள்ளையிடம் காட்டுகிறாள். வீட்டு வாயிற்படியில் செருப்பைக் கழற்றும்போது, உள்ளத்தில் கூடக் கொணர்ந்தது யாதென்று பார்த்தல் நல்ல பயிற்சி. அதற்குச் செலவு ஏதுமில்லை. மூன்று மூச்சு விடும் நேரம் போதும்.

இராகுலருக்கு உரைத்த பாடம்

இராசகிருகத்தை அடுத்த அம்பலட்டிகையில் இளஞ்சிறுவராயிருந்த இராகுலரிடம் பகவான் வந்தார். இராகுலர் ஆசனமிட்டு, கால் கழுவ நீர் வைத்தார். பாதங்களைக் கழுவிய பகவான் பாத்திரத்தில் சிறிது நீரை மீதம் விட்டு, அறிந்து பொய் கூற நாணாதவரின் துறவும் இவ்வளவே சிறிது என்றார். அந்நீரைக் கொட்டினார், பாத்திரத்தைக் கவிழ்த்தார், வெறுமையாய்க் கிடந்த அதனைக் காட்டினார். ஒவ்வொன்றிலும் அப்பாடத்தையே உணர்த்தினார். பின்பு கண்ணாடி எதற்கு எனக் கேட்டு, பார்த்துக்கொள்வதற்கு என்று விடை பெற்று, அவ்வாறே செயல், சொல், எண்ணம் மூன்றையும் பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டும் என்று பணித்தார். எப்போது பார்ப்பது? செய்யுமுன், செய்யும்போது, செய்த பின். இது எனக்கோ பிறர்க்கோ இருவர்க்குமோ துன்பம் தருமா என்பதே கேள்வி. செய்த பின் துன்பம் எனக் கண்டால், ஆசிரியரிடமோ அறிவுள்ள தோழரிடமோ வெளிப்படச் சொல்லி, இனிக் காத்துக்கொள்ள வேண்டும்.

இப்பாடம் துறவிகளுக்கே உரியதென எண்ண வேண்டா. இராசஸ்தானத்தைச் சேர்ந்த பைராட்டில் 1840-ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட அசோக மன்னரின் கல்வெட்டு, தம்ம நூல்கள் ஏழினைப் பெயர் குறித்துப் பரிந்துரைக்கின்றது. பொய்யுரையைக் குறித்து இராகுலருக்குக் கூறிய அறிவுரை அவ்வேழினுள் ஒன்று. பிக்குகளும் பிக்குணிகளும் மட்டுமன்றி, உபாசகரும் உபாசிகையரும் அவற்றை அடிக்கடி கேட்டுச் சிந்திக்க வேண்டுமென அம்மன்னர் விரும்பினார். பெரும் பேரரசை ஆண்டவர் இல்லறத்தார்க்கெனத் தேர்ந்தெடுத்த பாடத்தை இன்று நாமும் கற்கின்றோம்.

மென்மையாகப் பேசினால் போதுமா?

இங்கு ஓர் ஐயம் எழும். உழைப்பவரும் ஒடுக்கப்பட்டவரும் மென்சொல்லே பேசிக்கொண்டிருந்தால், வலியவர் அதனைப் பணிவென்று கொண்டு மேலும் அழுத்த மாட்டாரா? நியாயமான ஐயமே. இதற்கு விடை அபய இராசகுமாரனுக்குப் பகவான் கூறியதில் இருக்கின்றது.

ததாகதர் பிறர்க்கு இன்னாத சொல்லைப் பேசுவாரா என்று அவ்விளவரசன் கேட்டான். பேசுவார் எனினும் பேசார் எனினும் அவரை மடக்கலாம் என்பது அவனை ஏவியவரின் எண்ணம். அவன் மடியில் ஒரு பச்சிளங்குழந்தை கிடந்தது. இக்குழந்தை ஒரு குச்சியையோ கல்லையோ வாயிலிட்டுக்கொண்டால் என்ன செய்வாய் என்று பகவான் வினவினார். குருதி வந்தாலும் விரலை வளைத்துவிட்டு எடுப்பேன், குழந்தையிடத்து எனக்கு இரக்கம் உண்டன்றோ என்றான் அவன். அதுபோன்றே, உண்மையும் பயனும் உடைய சொல் கேட்பவர்க்கு இன்னாததாயினும், ததாகதர் காலம் அறிந்து அதனைக் கூறுவார் என்பது விடை. உண்மையாயினும் பயனில்லாததைக் கூறார். இனியதாயினும் பொய்யைக் கூறார். உண்மையும் பயனும் இனிமையும் கூடியதற்கும் காலம் பார்ப்பார்.

ஆதலின் நல்வாய்மை என்பது இச்சகம் பேசுதல் அன்று. ஓர் இயந்திரத்தின் பல்சக்கரத்தை மூடும் தகடு கழன்று கிடக்கிறதென வைத்துக்கொள்வோம். அதனை ஒரு தொழிலாளி காண்கின்றார். மேலாளர்க்கு அது இன்னாத செய்தி. அவர் முகத்திற்கு அஞ்சிப் பேசாதிருந்தால், நாளை ஒருவர் விரல் போகும். அம்மௌனம் அறமாகாது. மற்றொருவர், விரல் போன பின் வாயிற்புறத்தில் நின்று வாயில் வந்தபடி ஏசுகின்றார். சினம் தணிகின்றது, சக்கரம் அப்படியே திறந்து கிடக்கின்றது. நல்வாய்மை உடையவரோ, கண்ட அன்றே, எந்த இயந்திரம், எந்த இடம், எப்போது கண்டது என்பதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதி, உடன் பணிபுரிவோர் சிலரையும் சேர்த்துக்கொண்டு, உரியவரிடம் தலைநிமிர்ந்து சொல்வார். தீராவிடில் மீண்டும் சொல்வார். இழிசொல் ஒன்றும் இல்லாமையால் அச்சொல்லைத் தள்ளுவதற்கு எதிரிக்குக் காரணம் கிடைப்பதில்லை.

பாபாசாகேப் அம்பேத்கர் 1956 அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் தம்மம் ஏற்றார். அவர் மறைவுக்குப் பின் 1957-இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் நூலில் நல்வாய்மையை விளக்குங்கால், அது அச்சத்தாலோ ஆதரவை நாடியோ பேசப்படுவதன்று எனவும், மேலானவர் என்ன நினைப்பார் என்பதையோ நமக்கு நேரும் இழப்பையோ அது பொருட்படுத்தாது எனவும் வற்புறுத்தினார். குனிந்து பழகியவர்க்குத் தம்மம் தருவது நிமிர்ந்த நாவேயாகும். ஆனால் அது காவலுள்ள நா.

அன்றாடப் பயிற்சி

அங்குத்தர நிகாயத்தில் நன்கு பேசப்பட்ட சொல்லின் ஐந்து இலக்கணங்கள் கூறப்பட்டுள்ளன. காலத்தோடு கூடியது, உண்மையானது, மென்மையானது, பயனுள்ளது, அன்பு நெஞ்சத்தோடு சொல்லப்பட்டது என்பன அவை. கைவிரல் ஐந்திற்கு ஐந்தாக இவற்றைப் பிள்ளைகளுக்கும் கற்பிக்கலாம். பின்வருமாறு பழகுக.

காலையில் எழுந்ததும், இன்று என் சொல்லால் ஒருவர்க்கும் தீங்கு நேராதிருக்கட்டும் என்று கருதுக. பகலில், முகம் சுளிக்கும்போதும் குரல் உயரும்போதும் அதனை அறிந்து, மூன்று மூச்சு விட்டு, பின் பேசுக. ஒருவரைப் பற்றிச் சொல்ல நேர்ந்தால், அவர் இங்கே இருந்தால் இதனை இவ்வாறே சொல்வேனா என்று கேட்டுக்கொள்க. கைப்பேசியில் வந்த செய்தியை மேலும் அனுப்புமுன் ஐந்து இலக்கணங்களையும் வைத்துப் பார்க்க. இரவில் உறங்குமுன் அன்று பேசியதை மீளப் பார்த்து, புண்பட்டவர் உளரேல் மறுநாளே சென்று பொறுத்தருளுமாறு கேட்க. சங்கக் கூட்டத்தில் கருத்து மாறுபடின், ஆளை விட்டுப் பொருளைப் பேசுக. கூட்டத்தில் சொல்ல வேண்டியதைக் கூட்டத்திலேயே சொல்லுக.

இவ்வாறு தன்னைக் காப்பதால் பிறர்க்கு என்ன பயன் எனின், பகவான் கூறிய கழைக்கூத்தாடியின் கதையைக் கேட்க. மூங்கிற் கழையின்மேல் ஏறி ஆடுமுன் ஆசான் மாணவரிடம், நீ என்னைக் காத்துக்கொள், நான் உன்னைக் காப்பேன் என்றான். மாணவரோ, அவரவர் தம்மைக் காத்துக்கொண்டால்தான் இருவரும் நலமாக இறங்குவோம் என்றார். மாணவர் கூறியதே முறை என்றார் பகவான். பின்னும், தன்னைக் காப்பவன் பிறரைக் காக்கின்றான். பொறுமையாலும் இன்னா செய்யாமையாலும் அன்பாலும் பிறரைக் காப்பவன் தன்னையும் காக்கின்றான் என்று முடித்தார். குடும்பமும் ஆலையும் சங்கமும் நாம் கூடி ஏறிநிற்கும் கழைகளே. ஒருவர் தடுமாறின் உடனிருப்பவரும் விழுவர்.

வகுப்பில் ஆராய்தற்குரிய வினாக்கள்

1. உண்மையான செய்தி குறளையாவது எப்போது?

2. பேசாதிருத்தல் குற்றமாகும் நேரங்கள் யாவை? உங்கள் தொழிலிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தருக.

3. வேதேகிகையின் கதையில் தகடு விழ வேண்டிய இடம் எது? உங்கள் இல்லத்தில் அவ்விடம் எது?

அடுத்த ஞாயிறு வரையில் இவற்றைச் சிந்தித்து வருக. இவ்வாரம் வாராதவரையும் இல்லம் சென்று அழைத்து வருக.

எல்லா உயிர்களும் இன்புற்றிருப்பனவாகுக!